லைப்ரரிக்குள் வைத்த கண்டிஷன் பிரேக்பாயின்ட் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் பெங்களூர் மாரத்தஹள்ளி ஆபீஸில் பாதி இருக்கைகள் காலியாகிவிடும். சேலம், தர்மபுரி, மதுரை என்று ஊருக்குப் போகிறவர்கள் சில்க் போர்டு நெரிசலைக் கடந்து மடிவாளாவில் பஸ் ஏற வேண்டும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தர்மபுரித் தம்பி மட்டும் பையை மாட்டிக்கொண்டே திரையை விட்டு நகராமல் இருந்தான். அவன் கண்டிஷனோடு வைத்த பிரேக்பாயின்ட் (ஓடும் செயலியை ஒரு வரியில் நிறுத்திப் பார்க்க உதவும் புள்ளி) நிற்கவே இல்லை.

"அக்கா, கண்டிஷன் சரியாத்தான் இருக்கு. ஆனா நிக்கவே மாட்டேங்குது. மத்தியானத்துலேர்ந்து மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன்."

வேலை இதுதான். எங்கள் செயலிக்கு வரும் ஆர்டர்களில் முகவரி தமிழிலும் இருக்கும். கொத்தனூர் பகுதிக்குப் போக வேண்டிய சில ஆர்டர்கள் மட்டும் எந்த டெலிவரி வட்டத்திலும் சேராமல் அனாதையாக நின்றன. ஜேசன் (செயலிகள் தகவல் பரிமாறும் உரை வடிவம்) வாசிக்கும் ஜாக்சன் என்ற, பிறர் எழுதி நாம் பயன்படுத்தும் லைப்ரரிக்குள்ளேயே அந்தச் சொல் எப்படி வந்து இறங்குகிறது என்று பார்க்க, 'ஸ்ட்ரிங் டீசீரியலைசர்' கிளாஸில் ஒரு பிரேக்பாயின்ட் வைத்து, 'வாசித்த உரை கொத்தனூர் என்றால் மட்டும் நில்' என்று கண்டிஷன் கொடுத்திருந்தான். யோசனை நல்ல யோசனைதான். நிற்காததற்கு ஒன்றல்ல, இரண்டு காரணங்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்த கதையோடு, இத்தனை வருடங்களில் நான் பார்த்த மற்ற அறிகுறிகளையும் சேர்த்து எழுதுகிறேன். பெரும்பாலும் ஜாவாவும், அதை எழுதி ஓட்டிப் பார்க்கும் ஐடிஇ மென்பொருளான இன்டெலிஜேவும்தான் என் களம். மற்ற மொழிகளைக் கடைசியில் தொட்டுக்காட்டுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

கண்டிஷனை எடுத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், பிரேக்பாயின்ட் பெட்டியில் கண்டிஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் டிக்கை மட்டும் நீக்கினால் போதும். பிறகு ஓட்டுங்கள்.

வெறும் பிரேக்பாயின்ட் நின்றால், அந்த வரிக்கு ஓட்டம் வருகிறது, சிக்கல் கண்டிஷனில். அதுவும் நிற்கவில்லை என்றால், கண்டிஷனை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை, ஏனென்றால் டீபக்கர் (செயலியை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி) அதைப் படிக்கும் இடத்துக்கே போகவில்லை. தம்பியின் அரை நாள் இப்படித்தான் போயிருந்தது. கண்டிஷனைக் கைவைத்து எழுதியது நாம் என்பதால் சந்தேகமும் முதலில் அதன் மேல்தான் போகும். லைப்ரரிக்குள் டீபக் செய்யும்போது இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். நம் சொந்தக் கோடில் கண் பார்க்கும் வரியும் ஓடும் வரியும் பெரும்பாலும் ஒன்றுதான். லைப்ரரியில் அப்படி எந்த உறுதியும் கிடையாது.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்: 'மியூட் பிரேக்பாயின்ட்ஸ்' பொத்தான் அழுந்தியிருக்கிறதா? எல்லாப் புள்ளிகளும் சாம்பல் நிறத்தில் இருந்தால் அதுதான் விஷயம்.

அறிகுறி: கண்டிஷன் இல்லாமலும் நிற்கவில்லை

இதில்தான் நிறைய நேரம் செலவாகும், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

டீபக்கருக்கு நம் சோர்ஸ் உரை தெரியாது. 'இந்தப் பெயருள்ள கிளாஸில், இத்தனையாவது வரியில் நிறுத்து' என்று மட்டும்தான் அது ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்மிடம் கேட்கிறது. கம்பைல் செய்யும்போது ஒவ்வொரு கிளாஸ் கோப்புக்குள்ளும் எந்தக் கட்டளை எந்த வரியைச் சேர்ந்தது என்று ஒரு அட்டவணை பதிவாகிறது. அதைப் பார்த்துத்தான் புள்ளி ஊன்றப்படுகிறது. ஆகவே நாம் திரையில் பார்க்கும் சோர்ஸ் ஒரு பதிப்பாகவும், ஓடுகிற ஜார் (கம்பைல் ஆன கிளாஸ் கோப்புகளின் பொதி) வேறு பதிப்பாகவும் இருந்தால், அதே வரி எண் அங்கே வேறெங்கோ விழும். கமென்ட் இருக்கும் வரியில் விழுந்தால் ஒருபோதும் நிற்காது. வேறு மெத்தடில் விழுந்தால் சம்பந்தமில்லாத நேரத்தில் நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியின் சின்னத்தைப் பாருங்கள். ஓட்டம் நடக்கும்போது அதில் ஒரு சிறிய டிக் தோன்றினால், கிளாஸ் லோடாகி, வரியும் கிடைத்துவிட்டது என்று பொருள். டிக் வரவில்லை என்றால் அந்தப் பெயருள்ள கிளாஸ் இன்னும் லோடாகவே இல்லை. சின்னம் வேறு மாதிரி மாறியிருந்தால் அதன் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள். 'நோ எக்ஸிக்யூட்டபிள் கோட் ஃபவுண்ட் அட் லைன்' என்று வரி எண்ணோடு சொல்லும். தம்பியின் திரையில் இதுதான் வந்தது. அவன் மவுஸை அங்கே கொண்டுபோகவே இல்லை.

எடிட்டரின் மேல் விளிம்பில் வரும் பட்டையையும் படியுங்கள். 'லைப்ரரி சோர்ஸ் டஸ் நாட் மேட்ச் தி பைட்கோட்' என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம், பதிப்பு மாறியிருக்கிறது. 'டீகம்பைல்டு' என்றிருந்தால், நீங்கள் பார்ப்பது உண்மையான சோர்ஸ் அல்ல, பைட்கோடிலிருந்து (கம்பைல் ஆன வடிவத்திலிருந்து) இன்டெலிஜே திருப்பி எழுதிய உரை. வரிகள் கலைந்திருக்கும், கமென்ட்கள் இருக்காது. பக்கத்திலேயே 'டவுன்லோட் சோர்சஸ்' இருக்கிறது, அதை அழுத்துங்கள். ஜாவா லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான மேவன் சென்ட்ரலில் ஒரு ஜாரை வெளியிட சோர்ஸ் ஜாரும் சேர்த்துக் கொடுப்பது கட்டாயம் என்பதால், திறந்த மூல லைப்ரரி என்றால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

சரி, எந்த ஜார் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊகம் வேண்டாம், ஓடுகிற செயலியிடமே கேளுங்கள். உங்கள் சொந்தக் கோடில், அந்த லைப்ரரியை அழைக்கும் வரியில் ஒரு சாதாரண பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்துங்கள். ஆல்ட் + எஃப்8 அழுத்தி, அந்த லைப்ரரி கிளாஸின் புரொடெக்‌ஷன் டொமைனை எடுத்து, அதிலிருந்து கோட் சோர்ஸை எடுத்து, அதன் லொகேஷனைக் கேளுங்கள். ஜார் இருக்கும் முழுப் பாதை வந்துவிடும். ஜாவாவோடு வரும் அடிப்படை கிளாஸ்களுக்குக் கோட் சோர்ஸ் வெறுமையாக ('நல்' மதிப்பாக) இருக்கும், அங்கே இந்த வழி உதவாது. அவற்றுக்கும் சேர்த்துத் தெரிய வேண்டுமென்றால், செயலியைத் தொடங்கும்போதே கிளாஸ் லோடாவதை லாக் செய்யச் சொல்லலாம். ஜாவா 8-இல் அது வெர்போஸ் கிளாஸ் என்ற ஆப்ஷன். ஜாவா 9 முதல் எக்ஸ்லாக்கில் கிளாஸ் லோட் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு கிளாஸும் எங்கிருந்து வந்தது என்று வரிசையாகக் கொட்டும்.

எங்கள் விஷயத்தில் பாதை வந்ததும் புரிந்துவிட்டது. செயலி டாக்கர் என்ற தனிப் பெட்டிச் சூழலுக்குள் ஓடியது. அங்கே எங்கள் உள்குழு ஒன்று கட்டிய பெரிய ஜாருக்குள் அதே ஜேசன் லைப்ரரியின் பழைய பதிப்பு அப்படியே பொதிந்திருந்தது. கிளாஸ்பாத்தில் (கிளாஸ்களைத் தேடும் இடங்களின் வரிசையில்) அது முன்னால் நின்றதால் அதுவே லோடானது. தம்பியின் ஐடிஇ காட்டியதோ புதிய பதிப்பின் சோர்ஸ். செயலியைக் கட்டும் கருவியான மேவனின் டிபெண்டன்சி ட்ரீயில் (சார்ந்த லைப்ரரிகளின் மரப்பட்டியலில்) இது தெரியாது, ஏனென்றால் பொதிந்துபோன கிளாஸ்கள் அந்த மரத்தில் ஒரு கிளையாக வராது. டிபெண்டன்சி ட்ரீ சுத்தமாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இதற்கு ஒரு உடன்பிறப்பும் உண்டு. சில லைப்ரரிகள் தமக்கு வேண்டிய இன்னொரு லைப்ரரியைப் பொதியும்போதே அதன் பேக்கேஜ் பெயரை மாற்றிவிடும். மேவன் ஷேட் பிளக்இன்னில் இதை ரீலொகேஷன் என்பார்கள். நீங்கள் அசல் கிளாஸில் புள்ளி வைத்திருப்பீர்கள், ஓடுவதோ பெயர் மாற்றிய நகல். பெயர் வேறு என்பதால் டிக் வரவே வராது. ஸ்டேக் ட்ரேஸ் (எந்த மெத்தட் எதை அழைத்தது என்ற பட்டியல்) ஒன்றை எடுத்து, பேக்கேஜ் பெயரை முழுவதும் எழுத்தெழுத்தாகப் படித்தால் பிடிபட்டுவிடும்.

கடைசியாக, நீங்கள் இணைந்திருக்கும் புராசஸ்தான் அந்தக் கோடை ஓட்டுகிறதா என்று பாருங்கள். டெர்மினலில் மேவன் மூலம் டெஸ்ட் ஓட்டினால், டெஸ்ட் ஓட்டும் மேவன் பிளக்இன்னான ஷ்யூர்ஃபயர் அதைத் தனி ஜேவிஎம்மில் ஓட்டும். மேவனுக்கு டீபக் ஆப்ஷன் கொடுத்து இணைந்தால் மேவனைத்தான் டீபக் செய்துகொண்டிருப்பீர்கள். ஷ்யூர்ஃபயருக்கென்று தனி டீபக் ப்ராப்பர்ட்டி இருக்கிறது, கொடுத்தால் 5005 போர்ட்டில் காத்திருக்கும். மேவன் போன்ற இன்னொரு கருவியான கிரேடிலில் டீபக் ஜேவிஎம் ஆப்ஷன், அதுவும் 5005தான். டாக்கருக்குள் இணைவதானால், ஜாவா 9-லிருந்து வெறும் போர்ட் எண் மட்டும் கொடுத்தால் அது லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டுமே கேட்கும். வெளியிலிருந்து இணைய, எண்ணுக்கு முன் நட்சத்திரக் குறியும் முக்காற்புள்ளியும் வேண்டும்.

அறிகுறி: கண்டிஷன் இல்லாமல் நிற்கிறது, கண்டிஷன் வைத்தால் நிற்கவே இல்லை

பழைய ஜாரை நீக்கினோம், மறுபடி கட்டினோம், வெறும் பிரேக்பாயின்ட் டிக்கோடு நின்றது. தம்பி உற்சாகமாகக் கண்டிஷனைத் திரும்ப வைத்தான். மறுபடி நிற்கவில்லை. பஸ் பத்து மணிக்கு, மணி அப்போது ஆறரை.

இந்த இடத்தில் செய்ய வேண்டியது: வெறும் பிரேக்பாயின்ட்டில் நிறுத்திவிட்டு, அதே கண்டிஷனை ஆல்ட் + எஃப்8 பெட்டியில் ஒட்டி மதிப்பைக் கேளுங்கள். பொய் என்று வந்தால் கண்டிஷனைத் துண்டுதுண்டாக உடைத்து ஒவ்வொன்றையும் கேளுங்கள். இடது பக்கம் என்ன? வலது பக்கம் என்ன? இரண்டின் வகை என்ன? நீளம் என்ன?

நீளத்தைக் கேட்டபோது விடை வந்தது. தம்பி கண்டிஷனில் தட்டச்சு செய்த 'கொத்தனூர்' என்ற சொல்லின் நீளம் 9. ஜேசனில் வந்த 'கொத்தனூர்' நீளம் 10. திரையில் இரண்டும் ஒன்றேபோல் இருந்தன.

யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'க' என்ற எழுத்துக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியீடு வரலாம். அல்லது 'க' வுக்குப் பின் எகரக் கொம்பு, அதன் பின் துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வரலாம். எழுத்துரு இரண்டையும் ஒரே வடிவில்தான் காட்டும். கம்ப்யூட்டருக்கோ இரண்டும் வெவ்வேறு சரங்கள். எந்தக் கீபோர்டில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். ஜாவாவில் நார்மலைசர் கிளாஸைக் கொண்டு இரண்டையும் என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்த்தெழுதும் யூனிகோட் முறை) வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட்டால் சமமாகிவிடும். கண்டிஷனை அப்படி மாற்றினோம். உடனே நின்றது.

நின்ற இடத்தில் இருவரும் ஒரு நிமிடம் பேசாமல் திரையைப் பார்த்தோம். எந்தக் காரணத்தால் கண்டிஷன் பொருந்தவில்லையோ, அதே காரணத்தால்தான் எங்கள் செயலியின் வட்டப் பட்டியலிலும் கொத்தனூர் பொருந்தவில்லை. பட்டியல் ஒரு வடிவில் இருந்தது, சில போன்களிலிருந்து வந்த முகவரி இன்னொரு வடிவில். தேடிய பிழை அதுவேதான். பழைய ஜாரை நீக்கிய பிறகும் கண்டிஷன் நிற்காதபோதே அது எங்களிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறது. அதனால்தான், பொருந்தவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கண்டிஷனை வேறு விதமாக மாற்றி எழுதி ஓட்டிவிட நான் இப்போது விடுவதில்லை. ஏன் பொருந்தவில்லை என்பது தெரிந்த பிறகுதான் அடுத்த அடி.

தமிழ் உரையோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. 'கௌரி' என்பதை ஔகாரக் குறியால் எழுதாமல், எகரக் கொம்பும் 'ள' எழுத்தும் சேர்த்து 'கெளரி' என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். அது வடிவில் மட்டுமே ஒத்த வேறு எழுத்து, நார்மலைசர் அதைச் சரிசெய்யாது. அதற்குத் தனியாக வழி பார்க்க வேண்டும்.

தமிழ் உரையே இல்லாத இடங்களில் அதே அறிகுறிக்கு வேறு காரணங்கள் இருக்கும். சரங்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுவது எல்லாருக்கும் தெரிந்த தவறு, ஈக்வல்ஸ் வேண்டும். இன்டீஜர் ஆப்ஜெக்ட்களில் அது இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கும். -128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு ஜாவா ஒரே ஆப்ஜெக்டைத் திரும்பத் தரும், ஆகவே இரண்டு இன்டீஜர்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டாலும் சரியாகத் தோன்றும். ஆர்டர் எண் 127-ஐத் தாண்டியதும் பொருந்தாது. சிறிய எண்களை வைத்துச் சோதித்தபோது நின்ற கண்டிஷன் உண்மையான எண்ணில் நிற்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ஸ்பிரிங் போன்ற ஃபிரேம்வொர்க்குகளில் இன்னொன்று. ஆப்ஜெக்டின் கிளாஸ் இன்னதுதானா என்று நேராகச் சமன் பார்த்தால், அங்கே வந்து நிற்பது ஓட்டத்தின்போது உருவாக்கப்பட்ட ப்ராக்ஸி துணைக்கிளாஸாக இருக்கலாம். சமம் ஆகாது. இன்ஸ்டன்ஸ்ஆஃப் வைத்துக் கேளுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்8 அழுத்தி அந்தப் புள்ளியின் முழுப் பெட்டியையும் திறந்து பாருங்கள். போன வாரம் வைத்த பாஸ் கவுன்ட் (இத்தனை முறை வந்தால்தான் நில்), காலர் ஃபில்டர் (குறிப்பிட்ட மெத்தட் அழைத்தால் மட்டும் நில்), 'இன்னொரு பிரேக்பாயின்ட் நிற்கும்வரை செயலற்றிரு' என்ற அமைப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று அப்படியே தங்கியிருக்கலாம்.

அறிகுறி: 'கண்டிஷனைக் கணக்கிட முடியவில்லை' என்று பெட்டி வருகிறது

பிழைச் செய்தியைச் சொல்லி, இந்த இடத்தில் நிற்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் 'இல்லை' என்று அழுத்திவிட்டு மறந்துவிடுகிறவர்கள் உண்டு. செய்தியை முழுதாகப் படியுங்கள்.

'கேனாட் ஃபைண்ட் லோக்கல் வேரியபிள்' என்றால், அந்த ஜார் கம்பைல் செய்யப்பட்டபோது லோக்கல் வேரியபிள்களின் பெயர்கள் பதிவாகவில்லை. ஜாவா கம்பைலர் தானாக வரி எண்களையும் கோப்புப் பெயரையும் மட்டும்தான் எழுதும், வேரியபிள் பெயர்கள் வேண்டுமென்றால் ஜி ஆப்ஷன் கொடுக்க வேண்டும். மேவனின் கம்பைலர் பிளக்இன் அதைத் தானாகவே கொடுப்பதால் பெரும்பாலான திறந்த மூல ஜார்களில் இந்தத் தொல்லை இல்லை. ஜாவா 8 காலத்து ஜேடிகே கிளாஸ்கள் பலவற்றிலும், நிறுவனங்கள் மூடிய மூலமாகத் தரும் ஜார்களிலும்தான் இதில் மாட்டுவோம். சோர்ஸில் அழகான பெயர் தெரியும், அதை நம்பி கண்டிஷனில் எழுதுவோம், ஓடும் கிளாஸில் அந்தப் பெயரே இருக்காது.

ஃபீல்டுகளின் பெயர்கள் மட்டும் எப்போதும் இருக்கும், ஏனென்றால் அவை கிளாஸ் கோப்பின் அங்கம். ஆகவே கண்டிஷனை 'திஸ்' வழியாக ஒரு ஃபீல்டைத் தொடும்படி மாற்றி எழுதுங்கள். ஃபீல்டில் அந்த மதிப்பு இல்லையென்றால், ஒரு படி மேலே அழைக்கும் மெத்தடுக்குப் போங்கள், அது உங்கள் கோடாக இருந்தால் இன்னும் நல்லது.

'கிளாஸ் கிடைக்கவில்லை' என்றால் இரண்டு விஷயங்கள். லைப்ரரிக் கோப்பில் உங்கள் கிளாஸ் இம்போர்ட் ஆகியிருக்காது, பேக்கேஜ் பெயரோடு முழுதாக எழுதுங்கள். அப்படியும் கிடைக்கவில்லை என்றால், அந்த லைப்ரரியை லோட் செய்த கிளாஸ்லோடருக்கு உங்கள் கிளாஸ் தெரியாது. ஹேஷ்மேப் போன்ற அடிப்படைக் கிளாஸுக்குள் புள்ளி வைத்து உங்கள் 'ஆர்டர்' கிளாஸைப் பற்றிக் கேட்டால் இப்படி ஆகும். அப்போது கிளாஸைக் குறிப்பிடாமல், ஆப்ஜெக்டின் கிளாஸ் பெயரைச் சரமாக எடுத்து ஒப்பிடுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் நிற்கிறது

ஒற்றைச் சமக்குறி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஜாவாவில் பூலியன் வேரியபிளுக்கு மட்டும் இது பிழை காட்டாமல் ஓடும். ஜாவாஸ்கிரிப்டில் எதற்கும் ஓடும். நிற்பதோடு அந்த வேரியபிளின் மதிப்பையும் மாற்றிவிடும் என்பதால், அதற்குப் பிறகு திரையில் தெரியும் எதையும் நம்ப முடியாது. திருத்திவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள்.

அறிகுறி: செயலி நத்தையாக ஊர்கிறது

கண்டிஷனுடைய பிரேக்பாயின்ட் என்றாலும் ஒவ்வொரு முறை அந்த வரி வரும்போதும் த்ரெட் உண்மையிலேயே நிறுத்தப்படுகிறது. டீபக்கருக்குத் தகவல் போகிறது, அது கண்டிஷனில் உள்ள மெத்தட்களை ஒவ்வொன்றாக அந்த ஜேவிஎம்மில் ஓட்டச் சொல்லிப் பதில் வாங்குகிறது, பொய் என்றால் 'தொடர்' என்கிறது. நமக்குக் கண்ணில் படாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒரு மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டாலும், பத்து லட்சம் முறை வரும் வரியில் 1000 வினாடி, கிட்டத்தட்ட 17 நிமிடம். நீங்கள் பெங்களூரில் உட்கார்ந்து, தொலைவில் உள்ள சர்வரில் இணைந்து, ஒரு போக்குவரத்துக்கு 30 மில்லிவினாடி ஆனால், அதே வேலை எட்டு மணி நேரத்தைத் தாண்டும். ஒரு கண்டிஷனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போக்குவரத்து தேவைப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைவில் இணைந்துகொண்டு லைப்ரரியின் சூடான வரியில் கண்டிஷன் வைக்காதீர்கள். முடிந்தால் அந்தச் செயலியை உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பாருங்கள்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த மருந்து, சார்ந்திருக்கும் பிரேக்பாயின்ட். உங்கள் சொந்தக் கோடில், நீங்கள் தேடும் ஆர்டர் கையாளப்படும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கே கண்டிஷன் வைத்தாலும் செலவு குறைவு, ஆர்டருக்கு ஒரு முறைதான் வரும். பிறகு லைப்ரரிக்குள் இருக்கும் புள்ளியில், 'அந்தப் புள்ளி நின்ற பிறகே விழித்துக்கொள்' என்று அமையுங்கள். ஸ்ட்ரிங் டீசீரியலைசர் போல ஒவ்வொரு சரத்துக்கும் ஓடும் மெத்தடில் இது இல்லாமல் நான் புள்ளி வைப்பதே இல்லை.

இன்னொரு வழி கொஞ்சம் கைவேலை. கண்டிஷனை உங்கள் கோடிலேயே ஒரு 'இஃப்' ஆக எழுதி, அதற்குள் ஒரு வரியில் சாதாரணப் புள்ளி வைப்பது. கம்பைல் ஆன கோட் என்பதால் ஓட்டம் முழு வேகத்தில் இருக்கும். டீபக் முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

மெதுவாக ஓடுவதற்குக் கண்டிஷனே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். மெத்தட் தொடங்கும் வரியில் புள்ளி வைத்தபோது சின்னம் வட்டமாக இல்லாமல் சாய்சதுரமாக வந்திருந்தால், அது மெத்தட் பிரேக்பாயின்ட். அதைத் தூக்கிவிட்டு மெத்தடுக்குள் முதல் வரியில் வையுங்கள்.

அறிகுறி: கண்டிஷன் வைத்ததும் பிழை மறைகிறது, அல்லது புதுப் பிழை முளைக்கிறது

கண்டிஷன் ஒரு கேள்வி மட்டும் அல்ல, ஓடும் கோட். ஜாக்சனின் பார்சரில் இப்போதைய உரையையோ ஃபீல்டின் பெயரையோ கேட்பது பாதுகாப்பானது. 'அடுத்த டோக்கன்' என்று கேட்டால் பார்சர் உண்மையிலேயே ஒரு அடி முன்னே நகர்ந்துவிடும். லைப்ரரி படிக்க வேண்டியதை உங்கள் கண்டிஷன் படித்து முடித்திருக்கும். இட்டரேட்டரின் நெக்ஸ்ட், இன்புட் ஸ்ட்ரீமின் ரீட் எல்லாம் இதே வகை. மெத்தடின் பெயர் சாதுவாக இருந்தாலும், கண்டிஷனில் எழுதும் முன் அதன் சோர்ஸைத் திறந்து பாருங்கள்.

டேட்டாபேஸோடு பேசும் ஹைபர்னேட் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லேஸியாக (கேட்கும்போது மட்டும் லோடாகும்படி) விடப்பட்ட பட்டியலின் அளவைக் கண்டிஷனில் கேட்டாலே டேட்டாபேஸுக்கு ஒரு குவெரி போகும். செஷன் மூடியிருந்தால் எக்ஸெப்ஷன் வரும். 'லேஸி லோடிங் பிழை டீபக் செய்யும்போது மட்டும் வருவதில்லை' என்று ஒரு தோழி இரண்டு நாள் தவித்தாள். அவளுடைய வாட்ச் பெட்டியில் இருந்த ஒரு வரிதான் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே அந்தப் பட்டியலை லோட் செய்துகொண்டிருந்தது.

நேரத்தைச் சார்ந்த பிழைகளுக்கு, நிறுத்தாமல் லாக் மட்டும் செய்யும்படி புள்ளியை மாற்றுங்கள். 'சஸ்பெண்ட்' டிக்கை எடுத்துவிட்டு 'எவால்யுவேட் அண்ட் லாக்' பெட்டியில் வேண்டியதை எழுதினால், கன்சோலில் வரிவரியாக வரும். கனெக்‌ஷன் டைம்அவுட் ஆகாது.

ஜாவா இல்லாதவர்களுக்கு

பைதானை விஎஸ் கோடில் டீபக் செய்பவர்களுக்கு முதல் சந்தேகம் 'ஜஸ்ட் மை கோட்'. அது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும், பிப் மூலம் நிறுவிய லைப்ரரிக்குள் புள்ளிகள் நிற்காது. லான்ச் ஜேசன் கோப்பில் அதற்கு ஃபால்ஸ் கொடுங்கள். டெஸ்ட் பேனலிலிருந்து ஓட்டினால் அந்த அமைப்பு தானாக வராது, பர்ப்பஸ் என்ற இடத்தில் டீபக் டெஸ்ட் என்று குறித்த தனி அமைப்பு வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால், மாட்யூலின் கோப்புப் பாதையைப் பிரிண்ட் செய்து பாருங்கள், வேறு விர்ச்சுவல் என்விரான்மென்ட்டின் நகலைத் திறந்து வைத்திருப்பீர்கள். நம்பை போன்றவற்றின் உள்ளம் சி மொழியில் இருப்பதால் பைதான் டீபக்கர் அங்கே நுழையாது.

நோடில், நீங்கள் திறந்தது லைப்ரரியின் மூலக் கோப்பாகவும், ஓடுவது டிஸ்ட் ஃபோல்டரில் உள்ள கட்டிய கோப்பாகவும் இருக்கும். எந்தக் கோப்பு ஓடுகிறது என்பதைப் பேக்கேஜ் ஜேசனில் மெயின் அல்லது எக்ஸ்போர்ட்ஸ் பகுதி சொல்லும். விஎஸ் கோட் இயல்பாக நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் சோர்ஸ் மேப்களைத் தேடாது. 'ரிசால்வ் சோர்ஸ் மேப் லொகேஷன்ஸ்' பட்டியலில் அந்தத் தடையை நீக்கினால் மூலக் கோப்பிலேயே நிறுத்தலாம்.

டாட்நெட்டில் புள்ளி வெற்று வட்டமாகி, சிம்பல்கள் லோடாகவில்லை என்று சொன்னால், ஜஸ்ட் மை கோடை அணைத்து, சிம்பல் சர்வரையும் சோர்ஸ் லிங்க்கையும் இயக்குங்கள். நின்றாலும் வேரியபிள்கள் தெரியவில்லை என்றால் ஜிட் ஆப்டிமைசேஷனைத் தடுக்கும் ஆப்ஷன் அதே அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. சி, சி++ லைப்ரரிகளில் ஜிடிபி 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று சொல்லும் வேரியபிளைக் கண்டிஷனில் வைக்க முடியாது, ஆப்டிமைசேஷன் இல்லாமல் அந்த லைப்ரரியை நீங்களே கட்டிக்கொள்வதுதான் நேர்வழி.

தம்பி அன்று எட்டு மணிக்கு மடிவாளாவுக்குக் கிளம்பினான். முகவரி உள்ளே வரும் இடத்திலேயே என்எஃப்சி ஆக்கும் திருத்தத்தைத் திங்கட்கிழமை போட்டான். வட்டப் பட்டியலையும் ஒருமுறை அதே வடிவுக்கு மாற்றிவிட்டு, 'கொ', 'கோ', 'கௌ' மூன்றுக்கும் இரண்டு வடிவங்களிலும் டெஸ்ட் எழுதச் சொன்னேன். 'கெள' வுக்கும் சேர்த்து அவனே ஒன்று எழுதியிருந்தான்.